அப்பாவின் பங்குகள் ஐ.இ.பி.எஃப்-க்குப் (யாரும் கேட்காத பங்குகள், டிவிடெண்டுகள் போய்ச் சேரும் அரசு நிதி) போய்விட்டன, படிவத்தைக் கம்பெனி நிராகரித்துவிட்டது. எங்கே தப்பு?

கேள்வி
அப்பா 2009-ல் தவறிவிட்டார். அவர் பெயரில் காகிதப் பத்திரமாக 100 பங்குகள், முகமதிப்பு 10 ரூபாய். நாமினி இல்லை. ஏழு வருடம் டிவிடெண்ட் (லாபப் பங்கு) வாங்காததால் பங்குகள் ஐ.இ.பி.எஃப்-க்குப் போய்விட்டதாக ரெஜிஸ்ட்ரார் (கம்பெனிக்காகப் பங்குக் கணக்கைப் பராமரிக்கும் நிறுவனம்) சொல்கிறார்கள். எம்.சி.ஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் பங்கைத் திரும்பக் கேட்கும் ஐ.இ.பி.எஃப்-5 படிவம் போட்டேன், கம்பெனி நிராகரித்துவிட்டது. வாரிசு அம்மா, நான், தங்கை. பங்கு என் டீமேட்டுக்கு (மின்னணுப் பங்குக் கணக்கு) வர வேண்டும்.

பதில் 1
வரிசை மாறிவிட்டது சார். ஐ.இ.பி.எஃப்-5 கடைசிப் படி. முதலில் ரெஜிஸ்ட்ராரிடம் மூன்று படிவங்கள்: வாரிசு மாற்றத்துக்கு ஐ.எஸ்.ஆர்-5, கே.ஒய்.சி.க்கு (அடையாள விவரம்) ஐ.எஸ்.ஆர்-1, உங்கள் கையெழுத்தை வங்கி உறுதிசெய்ய ஐ.எஸ்.ஆர்-2 கொடுங்கள். ஐ.எஸ்.ஆர்-2-ல் வங்கி மேலாளரின் கையெழுத்தோடு அவர் பெயர், பணியாளர் எண், கிளை முத்திரை மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். முத்திரை மங்கினாலே திருப்பி அனுப்புவார்கள்.

கூடவே இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ், நோட்டரி முன் போட்ட உறுதிப் பத்திரம், அம்மாவும் தங்கையும் தரும் ஆட்சேபணையின்மைக் கடிதம், அசல் பங்குப் பத்திரம். எல்லாம் சரியென்றால் கம்பெனி ‘என்டைட்டில்மென்ட் லெட்டர்’ (பங்கு உங்களுக்கு உரியது என்ற கடிதம்) தரும். அது கைக்கு வந்தபின்தான் படிவம். கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்க எடுத்தவுடன் ஓடாதீர்கள். ரெஜிஸ்ட்ரார் எழுத்தில் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

பதில் 2
நம் ஊரில் பாதி விண்ணப்பம் இனிஷியலில்தான் மாட்டும். பத்திரத்தில் ‘எஸ். கணேசன்’, இறப்புச் சான்றிதழில் ‘கணேசன்’, பான் கார்டில் ‘சுப்பையா கணேசன்’ என்றிருந்தால் ரெஜிஸ்ட்ராருக்கு அது மூன்று ஆள். மூன்றும் ஒருவரே என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் எழுதி, பழைய முகவரி உள்ள ஆவணம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். வாரிசு சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் விண்ணப்பத்திலேயே எழுத்துக்கூட்டலைச் சரிபாருங்கள். வந்தபின் திருத்துவது பெரும் அலைச்சல்.

கேட்டவர்
நன்றி. படிவத்தில் 100 பங்கு என்று போட்டேன். கம்பெனி 500 என்கிறதே?

பதில் 1
பத்து ரூபாய்ப் பங்கை இரண்டு ரூபாயாகப் பிரித்திருப்பார்கள். 100 பங்கு 500 ஆகிவிடும். போனஸ் பங்கு (கம்பெனி இலவசமாகத் தருவது) வந்திருந்தால் அதுவும் ஐ.இ.பி.எஃப்-பில்தான் இருக்கும். லெட்டரில் உள்ள எண்ணிக்கையையும் டிவிடெண்ட் தொகையையும் அப்படியே படிவத்தில் ஏற்றுங்கள். ஒரு கம்பெனிக்கு ஒரு நிதியாண்டில் ஒரே ஒரு கோரிக்கைதான் போடலாம். அதனால் பங்கு, டிவிடெண்ட் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

படிவம் போட்டதும் எஸ்.ஆர்.என் (விண்ணப்பத்தின் அடையாள எண்) வரும். படிவ அச்சு, ஒப்புகைச் சீட்டு, அசல் இழப்பீட்டு உறுதிப் பத்திரம், முன்ரசீது (பெற்றுக்கொண்டதாக முன்கூட்டியே தரும் ரசீது), ஆதார் நகல், ரத்து செய்த காசோலை, டீமேட்டின் கிளையன்ட் மாஸ்டர் லிஸ்ட் (கணக்கு விவரத் தாள்), என்டைட்டில்மென்ட் லெட்டர் எல்லாவற்றையும் கம்பெனியின் நோடல் அதிகாரிக்கு (இந்தக் கோரிக்கைகளுக்குப் பொறுப்பானவர்) அனுப்புங்கள். முன்ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்து பாதி ஸ்டாம்ப்மேலும் பாதி காகிதத்திலும் விழும்படி போடுங்கள்.

பதில் 3
விதிப்படி கம்பெனி 30 நாளில் சரிபார்ப்பு அறிக்கை அனுப்ப வேண்டும், ஐ.இ.பி.எஃப் ஆணையம் அது கிடைத்ததிலிருந்து 60 நாளில் முடிக்க வேண்டும். நடைமுறையில் இழுக்கும், எஸ்.ஆர்.என் போட்டு நிலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். படிவத்துக்குக் கட்டணம் கிடையாது, சதவீதம் கேட்கும் ஏஜெண்டுக்கு உடனே தலையாட்டாதீர்கள்.

அப்பாவின் பழைய பாஸ்புக் ஏதும் இருந்தால் அது தனிக் கதை. பத்து வருடம் அசையாத வைப்புப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். கேட்பாரற்ற வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கி நடத்தும் உட்கம் (UDGAM) தளத்தில் பெயர், வங்கி, பான் அல்லது பிறந்த தேதி கொடுத்துத் தேடலாம். ஆனால் பணத்தை அந்தத் தளத்தில் கேட்க முடியாது, வங்கிக் கிளைக்கே போக வேண்டும்.