பழைய 4×5 என்லார்ஜர் வாங்கிய கதை: உங்களுடையதையும் சொல்லுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

4×5 அங்குல ஃபிலிமில் எடுக்க ஆரம்பித்து இரண்டு வருடம், நெகட்டிவைக் காகிதத்தின் மேலேயே வைத்து அதே அளவில் போடும் காண்டாக்ட் பிரிண்ட் மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தேன். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் எடுத்த ஒரு நெகட்டிவ் இருக்கிறது, மீன் கூடையைப் பிடித்திருக்கும் ஒரு அம்மாவின் விரலில் ஒட்டிய செதில்கூட லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்தால் தெரியும், உள்ளங்கை அளவு பிரிண்டில் அது காணாமல் போய்விடும். அதைப் பெரிதாகப் பார்த்தே ஆகவேண்டும் என்றுதான், நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் என்லார்ஜரைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் பார்த்தது மூடப்போகும் ஒரு ஸ்டூடியோவில். பிரம்மாண்டமான மெஷின், பார்த்ததும் மனசு போய்விட்டது. "எல்லா சைஸும் வரும் தம்பி, எடுத்துக்கோ" என்றார் பெரியவர். மாட்டியிருந்த லென்ஸ் 75 மி.மீ., அது 6×6 செ.மீ. நெகட்டிவுக்கானது. 4×5 ஃபிலிமை மூலைக்கு மூலை அளந்தால் சுமார் 150 மி.மீ. வரும், அதனால் 150 லென்ஸ் வேண்டும், குறைந்தது 135. அதைவிடச் சின்னதைப் போட்டால் நடுவில் வட்டமாக வெளிச்சம் விழுந்து நாலு மூலையும் இருண்டுவிடும். சரி, லென்ஸைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்று, நெகட்டிவைப் பிடித்து நிறுத்தும் 4×5 கேரியரைக் கேட்டேன். "பரண் மேல எங்கயோ கிடக்கும்பா, எடுத்து வைக்கிறேன்" என்றார். நான் முன்பணம் கொடுத்துவிட்டு வந்து மூன்று வாரம் நடையாக நடந்தேன், கிடைக்கவேயில்லை.

அதனால் சொல்கிறேன், பிராண்டெல்லாம் அப்புறம். 4×5 கேரியரும், லென்ஸை மாட்டும் தகடான லென்ஸ் போர்டும் அந்த மெஷினோடு இருக்கிறதா என்று முதலில் கண்ணால் பாருங்கள். லென்ஸ் எப்படியும் கிடைத்துவிடும், ரோடகன், கம்போனான்-எஸ், இஎல்-நிக்கோர் என எதன் 150 வந்தாலும் நல்லதுதான். கேரியர் மாடலுக்கு மாடல் வேறு, ஒன்றினுடையது இன்னொன்றில் உட்காராது.

இப்போது வைத்திருப்பது ஒமேகா டி2. பெரம்பூரில், முன்பு விளம்பரப் படங்கள் எடுத்த ஒருவர் வீட்டில் கிடைத்தது. கேரியர், போர்டு, ஸ்க்ரூ உட்பட எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார், அந்த டின்னைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன். விளக்கு வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டன்சர் கண்ணாடிகளைக் கழற்றிப் பழைய லுங்கியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மீதியை மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்தோம்.

வீட்டில் வைத்ததும் செய்த வேலைதான் முக்கியம். தெரிந்த கொத்தனாரிடம் சின்ன ரசமட்டம் ஒன்று வாங்கி, அடிப்பலகை, லென்ஸ் போர்டு, கேரியர் உட்காரும் தட்டு மூன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் குமிழி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். எனக்கு லென்ஸ் போர்டில் மட்டும் குமிழி விலகி நின்றது. பிறகு, முழுக்கக் கறுத்துப்போன ஃபிலிம் ஒன்றில் நடுவிலும் நாலு மூலையிலும் ஊசியால் பெருக்கல் குறி கீறி, கேரியரில் வைத்து, லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து நடுக்குறியை ஃபோகஸ் செய்தேன். இடது பக்கக் குறிகள் இரண்டும் பஞ்சு மாதிரி தெரிந்தன. தபால் அட்டையைக் கிழித்துப் போர்டுக்கு அடியில் ஒரு பக்கம் செருகினேன், ஐந்தும் நூல் போல வந்தன. அதற்கே ராத்திரி இரண்டு மணி ஆகிவிட்டது.

திருவொற்றியூரிலிருந்து:

கடலோரத்தில் இருப்பவர்கள் லென்ஸையும், அதற்கு மேலே மடிப்பு மடிப்பாக இருக்கும் பெல்லோஸையும் சும்மா மேலாகப் பார்த்து விட்டுவிடக் கூடாது. லென்ஸை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி தெரியும். நான் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்கியது அப்படித்தான் வீணாகப் போனது. பெல்லோஸுக்கு, அறையை இருட்டாக்கி விளக்கைப் போட்டு மடிப்பு மூலைகளைக் கவனியுங்கள், ஓட்டை இருந்தால் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் வரும்.

இன்னொன்று. 4×5 ஃபிலிம் பெரியது, கண்ணாடி இல்லாத கேரியரில் சூடு ஏறியதும் நடுவில் வளைந்து ஃபோகஸ் போய்விடும். கண்ணாடி போட்டாலோ நம் ஊர் ஈரத்தில் ஃபிலிமின் பளபளப்பான முதுகு கண்ணாடியில் ஒட்டி வளையம் வளையமாக வரும், நியூட்டன் வளையம் என்பார்கள். மேல் கண்ணாடியாக லேசாகச் சொரசொரப்பான ஆன்டி-நியூட்டன் கண்ணாடி கிடைத்தால் விடாதீர்கள்.

வியாசர்பாடியிலிருந்து:

கரன்ட் விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் என்றால் பல்பு 120 வோல்ட், நேராகச் சொருகினால் அப்போதே போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும், இல்லை ஹோல்டரில் 230 வோல்ட் திருகு பல்பு பொருந்துகிறதா பார்க்க வேண்டும். நம் கடைகளில் அதிகம் இருக்கும் பின் மாடல் அதில் போகாது. பால் நிறப் பல்பாக இருக்கட்டும், நுனியில் எழுத்து அச்சடித்ததாக இருக்கக் கூடாது, கண்டன்சர் மெஷினில் அது காகிதத்தில் நிழலாக விழும்.

வாங்கும் முன்பே அறையின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். 150 லென்ஸில் 16×20 பிரிண்ட் போட, காகிதத்திலிருந்து நெகட்டிவுக்கே சுமார் 94 செ.மீ. வேண்டும், விளக்குக் கூடு அதற்கும் மேலே நிற்கும், மேஜை உயரம் தனி. எங்கள் வீட்டில் பரணுக்குக் கீழே வைத்துவிட்டு, மேஜையின் நாலு காலையும் அறுத்தேன். இப்போது தரையில் உட்கார்ந்துதான் பிரிண்ட் போடுகிறேன், நன்றாகவே வருகிறது.