மறுமொழி: ‘கொலையாளி’ பொருந்தாத இடத்தில் எந்தச் சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

‘நுவார்’ என்ற அனிமே (ஜப்பானிய அசைபட) தொடருக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதிவரும் நண்பர், கொலையையே தொழிலாகக் கொண்ட பெண்ணைக் குறிக்க ஒரு சொல் கேட்டிருந்தார். வந்த பரிந்துரைகளை எல்லாம் சேர்த்துப் படித்துவிட்டு, தொடரின் முதல் சில அத்தியாயங்களையும் மறுபடி பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். நமக்கு வேண்டிய சொல்லுக்குள் கூலியும் இருக்கக் கூடாது, வசவும் இருக்கக் கூடாது என்பது என் கருத்து. நம்மிடம் புழங்கும் சொற்கள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றையாவது சுமந்துகொண்டுதான் வருகின்றன.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஷிமோ கோயிச்சி இயக்கத்தில் பீ டிரெயின் நிறுவனம் உருவாக்கிய இத்தொடரின் 26 அத்தியாயங்கள் 2001 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை டிவி டோக்கியோவில் ஒளிபரப்பாயின. கோர்சிகா தீவில் பிறந்து பாரிஸில் வாழும் மிரெய் பூக்கே பணம் பெற்றுக்கொண்டு கொலை செய்பவள். யூமுரா கிரிகா ஜப்பானியப் பள்ளி மாணவி, நினைவிழந்து கண்விழித்தவள். ஒரு பழைய கைக்கடக்கமான பெரெட்டா துப்பாக்கி, திறந்தால் இசைக்கும் ஒரு பைக்கடிகாரம், பொய்ப் பெயர் பொறித்த மாணவர் அடையாள அட்டை ஆகியவற்றைத் தவிர அவளிடம் எதுவும் இல்லை. அந்தக் கடிகாரத்தின் இசைதான் இருவரையும் சேர்த்துவைக்கிறது.

முதலில் ‘கொலையாளி’. நோயாளி, குற்றவாளி, தொழிலாளி என்ற வரிசையில் இலக்கணப் பிழையின்றி உட்காரும் சொல்தான். ஆனால் நாளிதழ் வழக்கில் அது ஒரு குறிப்பிட்ட கொலையைச் செய்து முடித்தவரைக் குறிக்கிறது. ‘கொலையாளி சிக்கினார்’ என்று படித்தால் யாரைக் கொன்றவர் என்று அடுத்த வரியில் தேடுகிறோம். மிரெய் தன் அறையில் கணினி முன் அமர்ந்து, வந்திருக்கும் வேலையை ஏற்பதா வேண்டாமா என்று யோசிக்கும் காட்சியில் இன்னும் எவரும் சாகவில்லை. அப்போதும் அவள் அதே தொழில்காரிதான். செயலைச் சுட்டும் சொல்லை வைத்துத் தொழிலைச் சுட்ட முடியாது. ‘படுகொலையாளி’ என்ற பரிந்துரைக்கும் இதே தடை உண்டு. கூடவே, அச்சொல்லில் உள்ள ரத்தவாடை இத்தொடருக்குச் சற்றும் ஒட்டவில்லை. இங்கே சுடப்பட்டவர்கள் மார்பைப் பிடித்துக்கொண்டு ஓசையின்றிச் சரிகிறார்கள், கஜியூரா யூகியின் இசை உயர்கிறது, தரையில் ஒரு துளி ரத்தம் தெரிவதே அரிது.

‘கூலிப்படை’ என்றதும் நம் மனத்தில் வருவது அரிவாளும் எண்பலகை இல்லாத வண்டியும்தான். அதை விட்டுவிடுவோம். ‘மறைகொலைஞர்’ என்ற ஆக்கம் எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஆனால் மறை என்பதை வேதம் என்று பொருள்கொள்ளும் வாசகர் ஒருவராவது இருப்பார். தவிர, ‘கொலைஞர்’ என்று தட்டச்சும்போது கொம்பும் காலும் விடுபட்டால் அவர் ‘கலைஞர்’ ஆகிவிடுவார் என்பதையும் நண்பர் எண்ணிப் பார்க்க வேண்டும். அர்த்தசாஸ்திரத்தில் ஆளைத் தீர்க்கும் ஒற்றர்களுக்குத் ‘தீக்ஷ்ணர்’ என்று பெயர். அதைத் தமிழாக்கிக் ‘கூரியர்’ என்றார் ஒருவர். பொருளில் குறையொன்றும் இல்லை, ஆனால் கூரியர் இப்போது வீட்டு வாசலில் பார்சல் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார். நச்சுக்கன்னி என்பது வேறு கதை மரபு. அவளுக்கு உடலே ஆயுதம், மிரெய்க்கும் கிரிகாவுக்கும் பயிற்சிதான் ஆயுதம்.

ஜப்பானிய மூலத்துக்கு மிக அருகில் வருவது எதுவென்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. அங்கே பேச்சில் வழங்கும் சொல் ‘கொரோஷியா’. ‘கொரோஷி’ கொலை, ‘யா’ என்பது கடையையும் கடைக்காரரையும் ஒருசேரக் குறிக்கும் விகுதி. ‘ஹனா’ பூ என்றால் ‘ஹனாயா’ பூக்கடை, பூக்காரர். ‘ஹோன்’ புத்தகம் என்றால் ‘ஹோன்யா’ புத்தகக்கடை. ஆக, பூக்காரி, மீன்காரி, தயிர்க்காரி என்று நாம் சொல்வதுபோல அப்படியே ‘கொலைகாரி’ என்றால் மூலத்தின் எலும்பும் தோலும் தமிழில் வந்துவிடுகின்றன. ஆனால் நம் வழக்கில் கொலைகாரி தொழில்பெயராக வாழவில்லை, வசவாக வாழ்கிறது. கிரிகாவைப் பார்த்து வேறொருவர் அதைச் சொல்லலாம்; மிரெய் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது சொன்னால் அவள் தன்னையே திட்டிக்கொள்கிறாள் என்று ஆகிவிடும். இவ்வளவு பொருத்தமான ஒரு சொல்லை ஏச்சுக்குப் பறிகொடுத்திருக்கிறோம் என்பதில் எனக்கு வருத்தமே.

இந்த இடத்தில் புறநானூற்றின் 152ஆம் பாட்டை நினைவூட்ட விரும்புகிறேன். வன்பரணர் காட்டில் ஒரு வேட்டுவனைக் காண்கிறார். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்துப் புற்றில் கிடந்த உடும்பில் போய்ச் செருகுகிறது. அவன் வல்வில் ஓரி என்று அறியாத புலவர், ‘கொலைவன் யார்கொலோ’ என்று வியந்து, ‘கொலைவன் மற்றிவன் விலைவன் போலான்’ என்கிறார். கொல்பவன்தான், ஆனால் விலைக்குக் கொல்பவனைப்போல் தெரியவில்லை என்பது கருத்து. நாம் பல நாளாகக் குழப்பிக்கொள்ளும் வேறுபாட்டை அவர் ஒரே அடியில் இரண்டு சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்: கொலையில் கைதேர்ந்தவர் கொலைவர், அதை விலைக்குச் செய்பவர் விலைவர்.

‘விலைவர்’ என்பதையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆண் பாத்திரம் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பெண்பாலில் அது விலைமகள், விலைமாது என்ற சொற்களின் நிழலில் போய் நின்றுவிடுகிறது. அதைவிட முக்கியமான தடை கதையிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் இருவரும் பணத்துக்காக வேலை ஏற்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் ‘லே சொல்தா’ என்ற மறைவுக் குழு நெருங்க நெருங்க, ‘நுவார்’ என்பது இரு கன்னியருக்குச் சடங்கின்வழி வழங்கப்படும் ஒரு பழம் பதவி என்று தெரிகிறது. அந்தப் பதவிக்கு உரியவள் தானே என்று நம்பும் க்ளோயி எறிகத்தியோடு வருகிறாளே தவிர, அவளுக்கு யாரும் கூலி பேசவில்லை. சொல்லுக்குள் கூலியை வைத்துவிட்டால் பிற்பாதி முழுவதும் நண்பர் அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திண்டாடுவார்.

ஆகவே என் முன்மொழிவு: பொதுப்பால் ‘கொலைவர்’, பெண்பால் ‘கொலைவி’, பன்மை ‘கொலைவியர்’. தலைவன் தலைவி, இறைவன் இறைவி என்ற வரிசையில் கொலைவன் கொலைவி இயல்பாகவே சேர்ந்துகொள்கிறது. துணைவி, மனைவி என்ற சொற்களின் சாயலால் கொலைவனின் மனைவி என்று பொருள்படாதா என்று கேட்கலாம். கட்சித் தலைவி என்றால் தலைவரின் மனைவி என்று யாரும் கொள்வதில்லை. பணம் பெற்றுச் செய்யும் செயலை மட்டும் தனியே சொல்ல வேண்டிய இடத்தில் ‘விலைக்கொலை’ என்று எழுதலாம். அங்கே விலை செயலின்மேல் நிற்கிறது, பெண்ணின்மேல் அல்ல. சப்டைட்டில் எழுதுபவருக்கு இன்னொரு வசதியும் உண்டு: ‘கூலிக்கொலையாளி’ ஏழெழுத்து, ‘கொலைவி’ மூன்றெழுத்து. திரையில் இரண்டு நொடி நிற்கும் வரிக்கு இது சின்ன இலாபம் அல்ல.

எல்லா இடத்திலும் பெண்பால் விகுதியைப் போட வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘நுவார்’ என்பது கறுப்பு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஆண்பால் வடிவம். அந்தப் பெயரைக் கேட்டு அஞ்சும் பலருக்கு நுவார் ஒருவரா இருவரா, ஆணா பெண்ணா என்பதே தெரியாது. ஜப்பானிய வினை இவற்றைக் காட்டிக்கொடுப்பதில்லை. தமிழ் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். ‘நுவார் வந்துவிட்டாள்’ என்று எழுதினால் கதையின் முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிடும், ‘வந்துவிட்டான்’ என்றால் பொய். இவ்விடங்களில் ‘கொலைவர்’ என்றும் ‘வந்தார்’ என்றும் எழுதினால் பால் மறைகிறது. பழைய வழக்கில் ‘ஆர்’ பலர்பாலுக்கும் உயர்வுக்கும் பொது என்பதால் எண்ணும் மறைகிறது. ‘நோவாரு’ என்ற ஜப்பானிய ஒலிப்பைப் பின்பற்றாமல் ‘நுவார்’ என்றே நண்பர் எழுதிவருவது இங்கே கைகொடுக்கிறது. அந்தப் பெயரின் இறுதியிலும் அதே ‘ஆர்’ ஒலிப்பதால், ‘நுவார் வந்தார்’ என்ற வரி மொழிபெயர்த்ததுபோலவே இல்லை.

அன்புடன்.