கடல்நீர் மின்பகுப்பு: ஆனோடு நிக்கல் ஃபோமில் ஓட்டை விழுகிறது

கேள்வி:
எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காகக் கடல்நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கிறேன். நிக்கல் ஃபோம் (பஞ்சு போலத் துளைகள் உள்ள நிக்கல்) மேல் நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடை வினையூக்கியாகப் பூசியதுதான் ஆனோடு, அதாவது ஆக்சிஜன் வரும் நேர்மின்முனை. 1 மோலார் கேஓஎச்சில் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரம்) வெறும் உப்பைப் போட்டபோது நன்றாக ஓடியது. கடலில் பிடித்த தண்ணீரில் கேஓஎச் கலந்தால் இரண்டே நாளில் கேத்தோடில் (ஹைட்ரஜன் வரும் எதிர்மின்முனை) வெள்ளையாகப் படிகிறது, ஆனோடில் ஓட்டை விழுகிறது. செல் வோல்டேஜ் 2.1. சாயங்காலம் லேப் பூட்டும்போது சப்ளையை நிறுத்திவிட்டுக் காலையில் மறுபடி போடுகிறேன். வினையூக்கியை மாற்றவா? மூன்று மாதம்தான் இருக்கிறது.

பதில் 1:
வெள்ளைப் படிவு பெரும்பாலும் மக்னீசியம் ஹைட்ராக்சைடு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் மக்னீசியம் உண்டு, கேஓஎச் பட்டதுமே திரிந்துவிடும். ஓர் இரவு தெளியவிட்டு வடிகட்டிய பிறகு ஓட்டுங்கள். இதிலேயே கேஓஎச்சில் பத்தில் ஒரு பங்கு போய்விடும், திரும்ப அளந்து சரிசெய்யுங்கள்.

வினையூக்கியை மாற்ற வேண்டாம். பூச்சின் விரிசல் வழியே குளோரைடு நுழைந்து அடியிலுள்ள நிக்கலைத் தின்கிறது, அங்கேதான் காப்பு வேண்டும். 2019இல் ஸ்டான்ஃபோர்டில் ஹாங்ஜியே டாய் குழு ஃபோமுக்கும் பூச்சுக்கும் நடுவே நிக்கல் சல்ஃபைடு அடுக்கு ஒன்றை வைத்தது. ஓட ஓட அதிலிருந்து சல்ஃபேட் உருவாகி, அதன் எதிர்மின்சுமை குளோரைடைக் கிட்டே விடாமல் தள்ளியது. 1000 மணி நேரத்துக்கு மேல் தாங்கியது.

பதில் 2:
2.1 என்பது முழு செல்லுக்கும் சேர்த்து. ஆனோடில் மட்டும் எவ்வளவு என்று மெர்குரி ஆக்சைடு ரெஃபரன்ஸ் (ஒப்பிட்டு அளக்க உதவும் மின்முனை) வைத்துப் பாருங்கள். காரக் கரைசலில் ஆக்சிஜனுக்கான மிகைமின்னழுத்தம் (கோட்பாட்டளவில் தேவையானதற்கு மேல் கொடுக்கும் மின்னழுத்தம்) சுமார் 480 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும்வரை ஹைப்போகுளோரைட், அதாவது ப்ளீச், உருவாகாது, அதைத் தாண்டினால் அதுவும் சேர்ந்து வரும். அப்புறம், ராத்திரி நிறுத்தும்போது எலக்ட்ரோடைக் கரைசலிலேயே விடுகிறீர்களா? மின்சாரம் நின்றதும் செல்லில் தலைகீழ் மின்னோட்டம் ஓடி, மேலே உருவான காப்புப் படலத்தைக் கெடுக்கும். எனக்கு அது புரியவே ஒரு மாதம் ஆனது.

பதில் 3:
கடல்நீரை முதலில் ஆர்.ஓ. செய்து உப்பை நீக்கிவிட்டு ஓட்டினால் என்ன என்று யாராவது வைவாவில் கேட்பார்கள், பதிலோடு போங்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர்தான். கடல்நீரிலிருந்து 1000 லிட்டர் குடிநீர் எடுக்க 3, 4 யூனிட் போதும், ஆனால் அந்த ஒரு கிலோவை எடுக்கவே 50 யூனிட்டுக்கு மேல் வேண்டும். 2022இல் சீனாவில் ஷிய ஹெபிங் குழு கடல்நீரை எலக்ட்ரோடில் படவே விடாமல், சவ்வு வழியாக நீராவியை மட்டும் உள்ளே எடுத்து 3200 மணி நேரம் ஓட்டியது. ஆனாலும் நேரடியாகக் கடல்நீரைத் தாங்கும் ஆனோடு கிடைத்தால் அத்தனை கருவியும் மிச்சம். உங்கள் வேலை வீண் இல்லை, விடாதீர்கள்.

கேட்டவர்:
ஆமாம், ராத்திரி முழுக்க உள்ளேயேதான் விட்டிருந்தேன்! இன்றிலிருந்து வெளியே எடுத்துக் கழுவி வைக்கிறேன். சல்ஃபைடு அடுக்கோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டையும் வடிகட்டிய நீரில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.