போகே கிண்ணம்: சோறு ஒட்டவில்லை, மீன் தண்ணீர் விடுகிறது. உதவி தேவை

காரைக்குடி அடுப்படி:
சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மகனுக்குப் போகே கிண்ணம் வேண்டுமாம். ஹவாய்த் தீவுச் சாப்பாடு: சோற்றின் மேல் பச்சைச் சூரைத் துண்டுகள், சோயா சாஸ், எள்ளெண்ணெய், வெள்ளரிக்காய். பொன்னிப் புழுங்கலரிசியைக் குழைய வடித்தாலும் பருக்கை பருக்கையாகவே நிற்கிறது. சாஸில் பிசிறி அரை மணி நேரம் வைத்த மீன் வெளிறிப்போய், அடியில் தண்ணீர் கட்டுகிறது. நல்லெண்ணெயில் கடை வாசனையும் வரவில்லை. சந்தை மீனைப் பச்சையாகத் தரலாமா என்பது தனிக் கவலை. அதனால் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. "மீனுக்கு அடுப்பைக் காட்டாத வீடும் உண்டா?" என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

புதுவயல் அரிசி மண்டி:
அம்மா, புழுங்கலரிசியை எவ்வளவு குழைத்தாலும் ஒட்டாது. நெல்லை அவித்துக் காய வைக்கும்போதே மணி இறுகிவிடுகிறது. பச்சரிசி வாங்குங்கள். கழுவி, அரை மணி நேரம் ஊற வைத்து, கஞ்சியை வடிக்காமல் தண்ணீர் முழுவதும் சுண்டும்படி வேக வையுங்கள். ஒரு கப் அரிசிக்கு ஒன்றரை மேசைக்கரண்டி வினிகர், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரைத்துச் சூட்டோடு தெளித்து, மரக்கரண்டியால் வெட்டினாற்போல் புரட்டுங்கள், கிண்டினால் கூழாகிவிடும். நம் ஊர்க் கவுனி அரிசி இயல்பாகவே பிசுபிசுப்பானது. ஒரு கைப்பிடியைத் தனியாக இரவே ஊற வைத்து, வேக வைத்துக் கலந்து பாருங்கள், நிறமும் கிடைக்கும்.

வாசனைக்குக் காரணம் எள்தான். அவர்கள் எண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, நம் நல்லெண்ணெய் அப்படி இல்லை. எள்ளைச் சிவக்க வறுத்து, ஒன்றிரண்டாக இடித்துத் தூவிவிடுங்கள்.

தொண்டி ஏலக்கூடம்:
அக்கா, தண்ணீர் விடுவது சாஸின் உப்பால்தான். மீனைத் துணியால் ஒற்றிவிட்டு, சாப்பிட உட்காரும்போது பிசிறுங்கள்.

ஆனால் பச்சையாக வேண்டாம். எங்கள் பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. பெரிய சூரையோ ஆழ்கடல் மீன். உங்கள் சந்தைக்கு வருவது வேறு கரையில் பிடித்து, ஐஸிலும் லாரியிலும் கிடந்து வந்ததாக இருக்கும். நடுவில் ஐஸ் குறைந்தால் சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து தலைவலி, தடிப்பு எல்லாம் வரும். வேக வைத்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. வாயில் வைத்ததும் மிளகு கடித்தாற்போல் சுருக்கென்றால் துப்பிவிட வேண்டியதுதான். ஆனால் சுருக்கென்று இல்லாததாலேயே நல்ல மீன் என்றும் நம்பக்கூடாது.

கானாடுகாத்தான் பேரன்:
ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்? சிங்கப்பூரில் ஊரே பச்சை மீன் தின்கிறது.

தொண்டி ஏலக்கூடம்:
தம்பி, பச்சையாக உண்பதற்கென்று விற்கும் சூரையை −60 டிகிரி வரை குளிர்வித்துக் கொண்டுபோகிறார்கள். நம் சந்தையில் மீனைத் திருப்பிப் போட்டு, செவுளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றா?

காரைக்குடி அடுப்படி:
எலுமிச்சைச் சாறு ஊற்றினால் கிருமி போகாதா? ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தால்?

தொண்டி ஏலக்கூடம்:
சாறு மீனை வெளுக்க வைக்கும், வெந்தது மாதிரி தோன்றும். உள்ளே இருக்கும் புழு அப்படியே இருக்கும். புழு சாக −20 டிகிரியில் 7 நாள் வேண்டும். வீட்டு ஃப்ரீசர் −18 பக்கம்தான் நிற்கும், அதையும் நாள் முழுக்கத் திறந்து மூடுகிறோம். அப்படியே உறைய வைத்தாலும் பாக்டீரியா சாகாது, தூங்கும்.

எங்கள் கடலின் இறாலை வாங்குங்கள். ஓட்டை உரித்து, முதுகு நரம்பை எடுத்துவிட்டு, உப்புப் போட்ட கொதிநீரில் போடுங்கள். வளைந்து, கண்ணாடி போன்ற சதை நடுவரை வெள்ளையானதும் அள்ளி ஐஸ் தண்ணீரில் போட்டால் சதை கடிபடும். ஈரத்தை ஒற்றி, சாஸ், எள், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், கிளிமூக்கு மாங்காய்.

காரைக்குடி அடுப்படி:
மகன் முகம் சுளித்தான். மாமியார் உரிக்க உட்கார்ந்துவிட்டார். கணவாயும் சேர்க்கலாமா?

தொண்டி ஏலக்கூடம்:
தாராளமாக. வளையமாக நறுக்கி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போடுங்கள். சுருண்டு வெளுத்ததும், ஒன்றிரண்டு நிமிடத்தில், எடுத்துவிட வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் விட்டீர்களென்றால் ரப்பர்.