பழ டீ ருசி பார்க்க வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. தங்கச்சி குன்னூர்ல சின்னதா தேயிலைக் கடை வெச்சிருக்கா. எலுமிச்சை, மாம்பழம், பீச், ஸ்ட்ராபெரின்னு நாலு பழ டீ புதுசா இறக்கப் போறா. எதை வைக்கலாம், எதைத் தள்ளலாம்னு குடிச்சுப் பார்த்துச் சொல்ற வேலை என் தலையில.

சூடா பார்க்கிறது ஓரளவு பழகிடுச்சு. தொழில்முறைக் கணக்குல 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிஷம். அப்புறம் ஸ்பூன்ல எடுத்து சர்ருனு உறிஞ்சணும் (வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க, அது வேற கதை). ஸ்ட்ராபெரியை இதுலயே கழிச்சுட்டேன், அப்படியே இருமல் மருந்து.

சிக்கல் ஐஸ் டீயில. சூட்டுல மாம்பழ வாசனை மூக்கைத் துளைக்குது. ஐஸ் போட்டதும் அது அடங்கி, துவர்ப்பு மட்டும் நாக்குல நிக்குது. குளிர்ல இனிப்பும் மந்தமாத்தான் தெரியுது. ஐஸ் உருகி நீர்த்துடும்னு தூளை ரெட்டிப்பாக்கினா, பீச் கலங்கிப் போச்சு. ஆறும்போது தேயிலைக்குத் துவர்ப்பு தர்ற பாலிஃபீனாலும் காஃபீனும் சேர்ந்துக்கிறதால வர்ற கலங்கல் அது. நீலகிரித் தேயிலை பொதுவா தெளிவா நிக்கும், அதான் தூள் மேலயே சந்தேகம்.

அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. சூடா போட்டு ஆற வைக்கணுமா, இல்ல பச்சைத் தண்ணியில ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்ல ஊற வெச்சுப் பார்க்கணுமா? சர்க்கரை சேர்க்காம மார்க் போட்டா நியாயமா, வாங்குறவங்க எப்படியும் போட்டுத்தானே குடிப்பாங்க? ஒரு பழத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல வாய்க்கு என்ன தர்றீங்க? நான் பொரி தின்னு பார்த்தேன், பரவாயில்ல.

ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும்.