டெப்ரிகேட்டட்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,
இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் பற்றிய பாட நூலின் மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டெப்ரிகேட்டட் (deprecated), அப்சலீட் (obsolete) என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்குமே 'வழக்கொழிந்த' என்று போட்டிருந்தேன். நேற்று வகுப்பில் ஒரு மாணவி சென்டர் குறிச்சொல்லை அடித்துக் காட்டினாள். எழுத்து நடுவில் போய் நின்றது. "ஒழிந்துபோனது எப்படி வேலை செய்கிறது?" என்றாள். அவள் கேட்டது சரிதானே?
மா.

மா. அவர்களுக்கு,
மிகச் சரி. 1999இல் வந்த எச்டிஎம்எல் 4.01 தரநிலை இரண்டையும் பிரித்தே வைக்கிறது. சென்டர், ஃபாண்ட் ஆகியவை டெப்ரிகேட்டட். அவற்றுக்கு மாற்று வந்துவிட்டது, ஆனாலும் பழைய பக்கங்களுக்காக உலாவி ஏற்க வேண்டும். லிஸ்டிங், பிளெயின்டெக்ஸ்ட் அப்சலீட். அவற்றை உலாவி ஏற்கும் என்ற உறுதியே இல்லை. முதலாவதற்குக் 'கடிகுறி' என்பேன். 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்கிறாரே தொல்காப்பியர், விலக்குதல் என்ற பொருளில் வரும் அந்தக் கடி.
கோ.

கோ. ஐயா,
அதே தொல்காப்பியர் உரியியலில் கடிக்குப் பத்துப் பொருள் தருகிறார். அதில் புதுமையும் ஒன்று, காப்பும் ஒன்று! விலக்க வேண்டியதற்குப் புதியது என்றும் பொருள் வரும் சொல்லை வைக்கலாமா? பிள்ளைகளுக்குக் கடி என்றால் பல்லால் கடிப்பதுதான். பேசாமல் 'தவிர்க்கவும்' என்று போடுங்கள்.
சு.

சு. அம்மா,
'தவிர்க்கவும்' வியங்கோள். பெயருக்கு முன்னால் அடையாக நிற்காது. மூலமான இலத்தீன் வினைக்கு, ஒன்று நேராதிருக்க மன்றாடுதல் என்று பொருள். நம் 'வேண்டு' என்ற வினையில் விருப்பமும் மன்றாட்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே 'வேண்டாக்குறி'. செல்லாக்காசு போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணம் இடிக்காது.
கோ.

நண்பர்களே,
தரநிலையே நகர்ந்துவிட்டது. 2019 மே மாதம் இணையத் தரநிலை அமைப்புகளான டபிள்யூ3சியும் வாட்விஜியும் உடன்பட்டபின் எச்டிஎம்எல்லுக்கு ஒரே தரநிலைதான். அதில் சென்டர் இருப்பது அப்சலீட் பட்டியலில். எழுதுவோர் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஆனால் உலாவி அதை எப்படிக் காட்ட வேண்டும் என்பதையும் அதுவே சொல்கிறது. அப்படியென்றால் அந்த மாணவியின் கேள்வி அப்சலீட்டுக்கும் பொருந்தும், 'வழக்கொழிந்த' அங்கேயும் நிற்காது. டெப்ரிகேட்டட் என்ற சொல்லும் போய்விடவில்லை. இணைய நிரலாளர்களுக்கான எம்டிஎன் கையேட்டுத் தளம் இன்றும் சென்டர் பக்கத்தில் அதைத்தான் போடுகிறது.
ந.

அனைவருக்கும்,
நேரமில்லை. தனி மடலில் எழுதிய மூவரும் 'தவிர்க்கத்தக்க' போதும் என்கிறார்கள், சு. அம்மாவும் ஏற்கிறார். அப்சலீட்டுக்கு 'விலக்கிய' என்று வைத்துக்கொள்கிறேன். வேண்டாக்குறி எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் நிரலில் ஒரு சார்பையோ (function) பண்பையோ (attribute) சொல்லும்போது 'குறி' ஒட்டாது.
மா.

மா. அவர்களுக்கு,
'குறி'யை விட்டுவிட்டு 'வேண்டாச் சார்பு', 'வேண்டாப் பண்பு' என்று சொல்லிப் பாருங்கள். தவிர்க்கத்தக்க விபத்து என்றால் தவிர்த்திருக்க முடியும் என்றுதானே பொருள்? தவிர்த்தாக வேண்டும் என்பது அதில் எங்கே வருகிறது? அடுத்த பதிப்புக்காவது இதைக் குறித்து வையுங்கள்.
கோ.