பழைய கணினியில் உங்களுக்குக் கைகொடுத்த விண்டோ மேனேஜர் எது? நான்கு பேரின் பதில்கள்

2 ஜிபி ராம், டூயல் கோர் பிராசசர், சுழலும் ஹார்ட் டிஸ்க். இப்படி ஒரு மடிக்கணினியை அப்பாவுக்காகத் தயார் செய்ய வேண்டியிருந்தது. செய்தி படிப்பார், மின்னஞ்சல் பார்ப்பார், எப்போதாவது ஒரு கடிதம் தட்டச்சு செய்வார். லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் வைத்து, நகர்த்தி, மூட உதவும் நிரல்தான் விண்டோ மேனேஜர்; அவற்றில் ஐஸ்டபிள்யூஎம் என்பதைப் போட்டுக் கொடுத்தேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

மெமரி கணக்கைப் பார்த்து அதை எடுக்கவில்லை. இந்த வகை விண்டோ மேனேஜர்கள் எல்லாமே கொஞ்சமாகத்தான் சாப்பிடும்; இதற்கும் அதற்கும் சில எம்பி வித்தியாசம், அதைப் பயன்பாட்டில் உணரவே முடியாது. நான் பார்த்தது கூடவே என்ன வருகிறது என்பதைத்தான். ஐஸ்டபிள்யூஎம்மில் டாஸ்க்பார், மெனு, கடிகாரம், வொர்க்ஸ்பேஸ் (தனித்தனித் திரைகள் போல மாறிக்கொள்ளும் இடங்கள்) பட்டன்கள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. ஓப்பன்பாக்ஸ் என்ற இன்னொரு விண்டோ மேனேஜரை மட்டும் நிறுவிவிட்டு நுழைந்தால் வெற்றுத் திரைதான். ரைட் கிளிக் செய்தால் ஒரு மெனு வரும், அவ்வளவுதான். பேனலுக்கு டின்ட்2, வைஃபைக்கு என்எம் ஆப்லெட், வால்பேப்பருக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாகத் தேடி நிறுவி, உள்ளே நுழைந்ததும் எவை தானாகத் தொடங்க வேண்டும் என்பதை ஆட்டோஸ்டார்ட் கோப்பில் நாமே எழுத வேண்டும். என் சொந்தக் கணினியில் ஓப்பன்பாக்ஸ்தான் வைத்திருக்கிறேன், அப்படிக் கட்டி எழுப்புவது எனக்குப் பிடிக்கும். ஆனால் இன்னொருவருக்குக் கொடுக்கும் கணினியில் அத்தனை துண்டுகளில் எது நின்றுபோனாலும் அவர் தவித்துப்போவார்.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். ஐஸ்டபிள்யூஎம் டாஸ்க்பாரின் ஓரத்தில் பிராசசர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் சின்ன சிபியு வரைபடம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். கணினி திணறும்போது, "அந்தப் பெட்டி முழுசா நிறைஞ்சு கிடக்குப்பா" என்று அப்பாவே போனில் சொல்வார். பிரௌசரில் திறந்து கிடப்பதை மூடச் சொல்வேன், இறங்கிவிடும். 1997இல் தொடங்கிய திட்டம், இன்னும் புதிய பதிப்புகள் வருகின்றன.

* * *

நான் ஐ3 என்ற விண்டோ மேனேஜரின் கட்சி. 10 அங்குல நெட்புக், திரை 1024க்கு 600. இந்த அளவில் பெரிய தொல்லை உயரம்தான். செட்டிங்ஸ் பெட்டி ஒன்று திறந்தால், அதன் 'சரி' பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். (ஓப்பன்பாக்ஸ், ஐஸ்டபிள்யூஎம் வைத்திருப்பவர்கள் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு மவுஸால் விண்டோவை மேலே இழுங்கள், பொத்தான் வந்துவிடும்.)

ஐ3இல் ஒவ்வொரு விண்டோவும் இருக்கிற இடத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. ஆனால் சின்னத் திரையில் இரண்டைப் பக்கம்பக்கமாக வைத்தால் இரண்டுமே படிக்க முடியாமல் போகும். அதனால் நான் மாட் விசையோடு (ஐ3 கட்டளைகளுக்கென்று நாம் தேர்ந்தெடுக்கும் ஆல்ட் அல்லது விண்டோஸ் விசை) டபிள்யூவை அழுத்தி டேப் அமைப்புக்கு மாறிவிடுவேன். எழுதுவது ஒன்றாவது வொர்க்ஸ்பேஸ், பிரௌசர் இரண்டாவது. டச்பேட் பக்கம் கை போவதே இல்லை, அந்த நெட்புக்கின் டச்பேட் இருக்கும் லட்சணத்துக்கு அதுவே பெரிய நிம்மதி. ஆனால் வீட்டில் வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். தங்கை ஒருநாள் உட்கார்ந்துவிட்டு, "அண்ணா, இதை எங்கே மூடுறது?" என்று கேட்டாள். மூடும் பொத்தான்தான் கிடையாதே! எல்லோரும் புழங்கும் கணினிக்கு இது வேண்டாம்.

* * *

மேலே எழுதிய இருவரும் சொல்வது சரி, ஆனால் விண்டோ மேனேஜரை மாற்றினாலே பழைய கணினி பறக்கும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது என்று எனக்குக் கவலை. கனமான டெஸ்க்டாப்பிலிருந்து ஓப்பன்பாக்ஸுக்கு வந்தபோது எனக்கு மிச்சமான மெமரியை, பிரௌசரில் திறந்த இரண்டு மூன்று கனமான தளங்கள் விழுங்கிவிட்டன. டெர்மினலில், மெமரி நிலவரத்தைக் காட்டும் ஃப்ரீ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். அதில் 'ஃப்ரீ' என்ற பத்தி குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம், சும்மா கிடக்கும் ராமை லினக்ஸ் கோப்புகளுக்கான கேஷாக, அதாவது மறுபடி சீக்கிரம் எடுக்க உதவும் தற்காலிகச் சேமிப்பாக வைத்துக்கொள்ளும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' பத்தி. அது தரைதட்டினால்தான் சிக்கல்.

எனக்குக் கண்ணெதிரே பலன் தந்தவை இரண்டு. ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றியது. அப்புறம் இசட்ராம், அதாவது ராம் போதாதபோது அதில் இருப்பதை டிஸ்க்குக்கு மாற்றாமல் (ஸ்வாப் செய்யாமல்) ராமுக்குள்ளேயே சுருக்கி வைப்பது. இவற்றைச் செய்த பிறகு ஓப்பன்பாக்ஸின் லேசான தன்மையும் நன்றாகவே தெரிந்தது, பின்னணியில் கோப்புகளைத் துழாவும் சேவைகள் எதுவும் இல்லை, திறந்ததும் தயார்.

* * *

ரொம்பப் பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. முதலில் பிராசசர் 64 பிட்டா என்று பாருங்கள். எல்எஸ்சிபியு கட்டளை அதைச் சொல்லிவிடும். 32 பிட் விண்டோஸோடு வந்த கணினிகள் சிலவற்றில் உள்ளே 64 பிட் பிராசசரே இருக்கும், என்னிடம் இருப்பதும் அப்படித்தான். நிஜமாகவே 32 பிட் என்றால் எந்த லினக்ஸ் விநியோகம் (டெபியன், பப்பி போன்ற தொகுப்பு) என்று தேர்ந்தெடுப்பதே முதல் வேலை, ஏனென்றால் 2025இல் வந்த டெபியன் 13இல் அவற்றுக்கு இன்ஸ்டாலரும் கிடையாது, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலும் கிடையாது.

விண்டோ மேனேஜரைப் பொறுத்தவரை நான் ஜேடபிள்யூஎம். பப்பி லினக்ஸில் பழகியது. டாஸ்க்பாரும் மெனுவும் அதிலும் உண்டு, அமைப்புகள் எல்லாம் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில். தமிழ் தட்டச்சு மட்டும் தானாக வராது. தட்டச்சு மொழியை மாற்ற உதவும் ஐபஸ் நிரலை தொடக்க நிரல்களில் சேர்த்து, மற்ற நிரல்கள் அதைப் பயன்படுத்தச் சொல்லும் என்விரான்மென்ட் வேரியபிள்களையும் கொடுத்துவிட்டு, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். ஐ3, ஓப்பன்பாக்ஸ் எதுவானாலும் இதே வேலைதான்.